எனக்காகப் போனவர்

கௌரி ரீச்சர் என் மேசைக்கு முன்னால் கிடந்த கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே ஒரு தாளை விரித்து, என் பேனைக்கும் முத்திரைப் பெட்டிக்கும் நடுவில் வைத்து, ஒரு வரியில் விரலை ஊன்றினார். நகக்கண்ணில் மஞ்சள் ஒட்டியிருந்தது. சமையலறையில் நின்ற கோலத்தோடேயே பஸ் ஏறியிருக்கிறார்.

“இதை நீங்கள்தானே அக்கா எழுதினனீங்கள்?”

என் எழுத்து, என் முத்திரை, என் கையொப்பம். இல்லை என்று எப்படிச் சொல்வது? ஓம் என்றேன். அவர் விரல் நின்ற வரியை வாசித்தேன். ‘நேர்முகத் தேர்வுக் குழுவின் முன்னால் எனக்குப் பதிலாக ரீச்சரே களமிறங்கினார்.’

நல்ல வசனம் என்றுதான் அந்த நேரத்திலும் நினைத்தேன். என் குணம் அப்படி.

சுன்னாகம் சந்தையிலிருந்து புகையிரத நிலையத்துக்குப் போகிற வீதியில், போட்டோப் பிரதி எடுக்கும் கடைக்குப் பக்கத்தில் என் அறை இருக்கிறது. வாசலில் ‘சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர்’ என்று ஒரு பலகை. பிறப்பு, இறப்பு, கலியாணம், காணி உறுதி எல்லாம் இங்கே மொழி மாறும். சந்தைக்கு வெங்காயம் வந்து இறங்குகிற நாட்களில் கண் எரியும். அழுதுகொண்டே மொழிபெயர்ப்பதாக என் அண்ணை பகிடி பண்ணுவார். அந்த அறையில் நான் இருபது வருடத்துக்கு மேலாக இருந்து, பிழை விடாதவள் என்று பேர் எடுத்திருந்தேன். அந்தப் பேரைப் பற்றிப் போன வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் நானே கொஞ்சம் பீத்திக்கொண்டேன் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். இந்த வாரம் மற்றக் கதை.

களமிறங்கிய கதை

தொண்டைமானாற்றுப் பக்கம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இருக்கிறது. பெயர் வேண்டாம். தகப்பன் இல்லாத பிள்ளைகளும், தாய்தகப்பன் இருந்தும் இல்லாத பிள்ளைகளும் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். கௌரி ரீச்சர் அங்கே உதவிப் பொறுப்பாளர். கணக்கும் படிப்பிப்பார். கலியாணம் கட்டவில்லை. விடுதிக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு சைக்கிள், அவ்வளவுதான் அவருடைய சொத்து.

பொறுப்பாளராக இருந்தவர் ஓய்வு பெற்றுப் போக, அந்த இடத்துக்கு ரீச்சர் விண்ணப்பித்தார். அவரிடம் படித்து இப்போது அமெரிக்காவில் இருக்கும் சுகந்தி என்ற பிள்ளை, விடுதியை நடத்துகிற சபைக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு கடிதம் எழுதி அனுப்பியது. ரீச்சரைப் புகழ்ந்துதான். சபையின் கோப்புகள் தமிழில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. அதனால் கடிதம் என்னிடம் வந்தது.

கடிதத்தில் ஓர் இடம். சுகந்திக்கு ஒரு புலமைப்பரிசில் நேர்முகத் தேர்வு இருந்தது. அதை வைத்துத்தான் அந்தப் பிள்ளை வெளியே போய்ப் படித்தது. அந்தத் தேர்வைப் பற்றி எழுதும்போது, ‘ஷீ வென்ற் ரு பற் ஃபோர் மீ’ (She went to bat for me) என்று எழுதியிருந்தது. பற் என்றால் மட்டை. எனக்காக மட்டை பிடிக்கப் போனார். சரி, கிரிக்கெட். கிரிக்கெட்டுக்குத் தமிழில் களமிறங்குதல் என்று அருமையான சொல் இருக்கிறது. ‘எனக்காக’ என்று வைத்தால் மொட்டையாக இருக்கிறதே என்று ‘எனக்குப் பதிலாக’ என்று திருத்தினேன். முத்திரையைக் குத்தினேன். தேத்தண்ணி குடித்தேன்.

சபையில் இருந்தவர்கள் அந்த வரியை வாசித்துவிட்டு ஆளை ஆள் பார்த்திருக்கிறார்கள். பிள்ளை போக வேண்டிய நேர்முகத் தேர்வுக்குப் பிள்ளைக்குப் பதிலாக ரீச்சர் போயிருக்கிறார் என்றால் அது ஆள்மாறாட்டம் அல்லவா? சபைத் தலைவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர். மூலக் கடிதத்தையும் எடுத்துப் பார்த்தாராம். அவரும் ஒரு காலத்தில் கிரிக்கெட் ஆடிய ஆள். அவருக்கும் அதே அர்த்தம்தான் பட்டது.

மூன்று வாரமாக விசாரணை. ரீச்சரின் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தார்கள். பிள்ளைகளின் வரவுப் பதிவை வேறு ஆளிடம் கொடுத்தார்கள். ஏன் இப்படி நடக்கிறது என்று அவருக்கு முதலில் ஒருவரும் சொல்லவில்லை. அன்று காலைதான் செயலாளர் இரக்கப்பட்டு இந்தத் தாளின் பிரதியைக் காட்டியிருக்கிறார். வாற சனிக்கிழமை சபை கூடி முடிவெடுக்கிறது. பதவி மட்டும் போகப் போவதில்லை, விடுதியை விட்டே போகச் சொல்வார்கள் என்று செயலாளர் சொன்னாராம்.

இதையெல்லாம் அவர் நின்றபடியே சொன்னார், குரலை உயர்த்தாமல். அன்றைக்கு அந்தத் தேர்வு அறைக்குள் தான் போனது உண்மை, ஆனால் பிள்ளைக்காகக் கதைக்கத்தான் போனதாகச் சொன்னார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழும்பியிருக்க வேண்டும். நான் எழும்பவில்லை. மூலக் கடிதத்தின் பிரதியை இழுத்து எடுத்து, ஆங்கில வரியைக் காட்டி, “அந்தப் பிள்ளை எழுதினதை நான் மாத்தேலாது ரீச்சர்” என்றேன்.

அவர் தாளை மடித்தார். மடித்த தாளைக் கைப்பையில் வைத்தார். வாறன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரட்டையர் ஆட்டம்

நான் ஏன் அவ்வளவு உறுதியாக இருந்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது.

என் அண்ணை இளமையில் ஊர்க் கிரிக்கெட் கழகத்துக்கு ஓட்டப் பதிவாளர். விளையாடத் தெரியாது, ஆனால் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மேசையில் இருந்தால் உலகமே அவருடையது. பனை மட்டையில் தொடங்கியவர்கள் உண்மையான மட்டை வாங்கிய காலம். நாங்கள் பெட்டைகள் மதில் கரையில் நின்று பார்ப்போம்.

எதிர்க் கழகத்தில் இரட்டைச் சகோதரர்கள் இருந்தார்கள். முகவாயில் பிளாஸ்ரர் ஒட்டியிருந்த மூத்தவன் முதல் பந்திலேயே ஆட்டமிழந்து போனான். இளையவன் ஐந்தாவதாக இறங்கினான், விளாசித் தள்ளினான். அண்ணை மட்டும் பென்சிலை வைத்துவிட்டு எழும்பி மைதானத்துக்குள் நடந்தார். இளையவன் என்று இறங்கியவனுடைய முகவாயிலும் மூத்தவனுடைய அதே பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. உண்மையான இளையவன் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தான்.

அன்று நடந்த தள்ளுமுள்ளை விடுங்கள். அண்ணை அன்றைக்குச் சொன்னது எனக்குள் அப்படியே பதிந்துவிட்டது. காயப்பட்டவனுக்குப் பதிலாக இன்னொருவன் பந்து பொறுக்கலாம், இன்னொருவன் ஓடலாம். ஒருவனுடைய மட்டையை இன்னொருவன் பிடிக்கவே கூடாது. பிடித்தால் அது கள்ள ஆட்டம்.

ஆகவே, ஒருவருக்காக ஒருவர் மட்டை பிடித்தார் என்று வாசித்ததும் என் மூளை நேரே அந்தப் பிளாஸ்ரருக்குப் போய்விட்டது. தலைவர் ஐயாவுடைய மூளையும் அப்படித்தான் போயிருக்கும். கிரிக்கெட் விளையாடுகிற ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்த வசனத்தில் களவு மட்டும்தான் தெரியும்.

மட்டை எந்த ஊர் மட்டை

ரீச்சர் போன பிறகு வேலை ஓடவில்லை. ஒரு மரணச் சான்றிதழில் திகதியை இரண்டு தரம் பிழையாக எழுதினேன். வாறன் என்று அவர் சொன்ன குரல் காதிலேயே நின்றது. புகழ வந்த ஒரு பிள்ளை, கடைசி மூன்று பக்கமும் ரீச்சரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற பிள்ளை, நடுவில் அவருடைய களவை ஏன் எழுதப் போகிறது? இந்தக் கேள்வியை முத்திரை குத்த முன்னம் கேட்டிருக்க வேண்டும். எனக்கு என்னுடைய ‘களமிறங்கினார்’ மீது அவ்வளவு காதல்.

அலுமாரியில் இருந்த தடித்த அகராதியை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்தது, இங்கிலாந்தில் அச்சடித்தது. அதில் அந்தத் தொடர் இல்லை. கைத்தொலைபேசியில் தேடினேன். ஓரிடத்தில் பார்த்து நம்பாமல் நான்கு இடத்தில் பார்த்தேன். நாலிலும் ஒன்றுதான் இருந்தது.

அது கிரிக்கெட் மட்டையே அல்ல. அமெரிக்கர்களுடைய பேஸ்போல் மட்டை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் தடியும் பந்துமாக ஆடிய எல்லேக்கு ஒன்றுவிட்ட சகோதரம் போல ஒரு விளையாட்டு. அந்த விளையாட்டில், இக்கட்டான நேரத்தில், அடிக்க வேண்டியவனை இருத்திவிட்டு அவனுடைய இடத்தில் நன்றாக அடிக்கக்கூடிய ஒருவனை அனுப்புவார்களாம். அது சட்டப்படியே சரி. அப்படி மற்றவனுக்காகப் போய் நிற்பதைச் சொல்லிச் சொல்லியே, ஒருவருக்காக எழும்பி வாதாடுவது, ஒருவரை விட்டுக்கொடுக்காமல் நிற்பது என்று அந்தத் தொடருக்கு அர்த்தம் வந்துவிட்டது. இப்போது அங்கே அதைச் சொல்கிறவர்களுக்கு விளையாட்டு நினைவுக்கு வருவதே இல்லையாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம் வந்தது. எங்கள் குடும்பம் அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடத்து வழியில் வந்த குடும்பம். அமெரிக்கர்கள் இங்கே வந்து எத்தனையோ தலைமுறைக்குப் படிப்பித்தார்கள். அவர்களிடம் படித்துவிட்டு நாங்கள் பேசியதும் எழுதியதும் இங்கிலாந்துக்காரனின் ஆங்கிலம், ஆடியதும் அவனுடைய ஆட்டம். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வசனத்தை வாசிக்க எனக்கு ஒரு கண் குறைந்துபோனது.

இன்னொன்றும் யோசித்தேன். இதே சொல் தமிழிலும் இருக்கிறது. ஒருவருக்குப் பரிந்து கதைத்தால், என்ன வக்காலத்து வாங்குகிறாயா என்று கேட்கிறோம். வக்காலத்து என்பது ஒரு பத்திரம். என் இடத்தில் நின்று வழக்குப் பேசு என்று சட்டத்தரணிக்கு எழுதிக் கொடுப்பது. எங்கள் நீதிமன்றங்களில் அதைப் புரொக்சி என்பார்கள். அதுவும் பதிலாக நிற்பதில் தொடங்கிப் பரிந்து நிற்பதில் முடிந்த சொல்தான். வக்காலத்து வாங்கினார் என்று எழுதியிருந்தால் ரீச்சர் அந்தக் காலையில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றிருக்க மாட்டார்.

‘எனக்காக’ என்பதை அப்படியே விட்டிருந்தாலும் பாதிப் பிழைதான். எனக்காகப் போனார் என்றால் என் நன்மைக்காகப் போனார் என்றும் வரும், என் இடத்தில் போனார் என்றும் வரும். அந்தப் பாதியையும் திருத்தி, சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒரு மனிசியைக் கள்ளியாக்கி, அதன் மேல் சத்தியம் பண்ணி முத்திரை குத்தியிருந்தேன்.

அன்று பின்னேரமே ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்துப் பிழை என்னுடையது என்றேன். தன் வாய்ச்சொல் மட்டும் சபைக்குப் போதாது என்று செயலாளர் சொல்லிவிட்டதாக அவர் சொன்னார். சுகந்தியிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதி வாங்கலாமே என்றேன். அதை உடனே மறுத்தார். பிள்ளையை இதுக்குள் இழுக்க வேண்டாம், தன்னைப் புகழ்ந்து எழுதியதால் தனக்கு இப்படி வந்தது என்று தெரிந்தால் அது அங்கே தனியே இருந்து அழும் என்றார்.

இரண்டு தாள், ஒரு முத்திரை

சனிக்கிழமை பின்னேரம் நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். ஏன் புதுச் சேலை என்று கேட்காதீர்கள், பயம் வந்தால் நான் நல்லாக உடுப்பேன். விடுதி அலுவலக அறையில் நீளமான மேசை. ஆற்றுப் பக்கத்து யன்னலால் உப்புக் காற்று வந்து தாள்களைத் தூக்கியது. செயலாளர் அவற்றின் மேல் திருநீற்றுத் தட்டத்தை எடுத்து வைத்தார். சபையில் ஐந்து பேர். ரீச்சர் மேசையின் கடைசியில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

நான் திருத்திய மொழிபெயர்ப்பைக் கொடுத்தேன். பேஸ்போலைச் சொன்னேன், எல்லேயைச் சொன்னேன், வக்காலத்தைச் சொன்னேன். என் அறியாமையை நானே வாயால் சொல்லி முடித்தேன்.

தலைவர் ஐயா பொறுமையாகக் கேட்டார். பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“அம்மா, உந்தத் தாளிலையும் உங்கடை முத்திரை, இந்தத் தாளிலையும் உங்கடை முத்திரை. ரெண்டும் சத்தியம் எண்டு எழுதிக் கிடக்கு. நாங்கள் எதை நம்பிறது?”

அவர் கேட்டது ஞாயம். ரீச்சருக்காகக் கதைக்க வந்த என் சொல்லை நானே செல்லாக்காசாக்கி வைத்திருந்தேன். அவர்களில் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னும் ஐந்து நிமிடத்தில் முடிவு எழுதிவிடுவார்கள் என்று எனக்கு விளங்கியது.

ரீச்சர் பக்கம் திரும்பி, பிள்ளையின் தொலைபேசி இலக்கத்தைத் தரும்படி கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். மாட்டேன் என்கிற ஆட்டல். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“ரீச்சர், நீங்கள் அண்டைக்கு அந்தப் பிள்ளைக்காகக் கதைச்சனீங்கள். இண்டைக்கு அது உங்களுக்காகக் கதைக்கட்டும். அந்த உரிமையை ஏன் பறிக்கிறியள்?”

அவர் கைப்பையிலிருந்து தொலைபேசி இலக்கங்கள் எழுதிய ஒரு சின்னக் கொப்பியை எடுத்துத் தந்தார்.

அமெரிக்காவில் அப்போதுதான் விடிந்திருந்தது. சுகந்தி நித்திரைக் குரலில் ஹலோ என்றது. தலைவர் ஐயா தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசை நடுவில் வைத்து, தான் யார் என்று சொல்லி, அந்த நேர்முகத் தேர்வு நாளில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த விசயத்தில் அவர் நேர்மையான மனிதர்.

“அண்டைக்கு ரீச்சர்தான் ஐயா எனக்காகப் போனவ” என்றது பிள்ளை.

செயலாளர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இந்த ‘எனக்காக’ என்னை விடாது போலிருக்கிறது!

தலைவர் ஐயா தொலைபேசிக்குக் கிட்டக் குனிந்தார். “அவ உள்ளை போகேக்கை நீர் எங்கை நிண்டனீர் பிள்ளை?”

“வாசல்லை நிண்டு அழுதுகொண்டிருந்தனான். லீவுக்கு ஊருக்குப் போயிருந்தனான், மயிலிட்டியிலையிருந்து வந்த பஸ் இடையிலை நிண்டிட்டுது. நான் ஒரு மணித்தியாலம் பிந்திப் போக, பேரை வெட்டிப்போட்டம் எண்டு சொல்லிப்போட்டினம். ரீச்சர் உள்ளை போய்ச் சண்டை பிடிச்சவ. மேசையிலை அடிச்ச சத்தம் வெளியிலை கேட்டது. பிறகுதான் என்னை உள்ளை கூப்பிட்டவை. கேள்வியெல்லாம் என்னட்டைத்தான் கேட்டவை.” உடனே, “ஏன் ஐயா, ரீச்சருக்கு ஏதும் பிரச்சினையோ?” என்றது.

இனி ஒன்றுமில்லை என்று தலைவர் ஐயா சொன்னார். ரீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கணக்குப் படிப்பிக்கிற, குரல் உயர்த்தாத இந்த மனிசியா மேசையில் அடித்தது என்று எல்லோரும் அவரையே பார்த்தோம்.

கோப்பில் அந்த ஒரு வரியைத் திருத்தினால் சரி என்று முடிவானது. என் கையில் பேனையைத் தந்தார்கள். பிள்ளை சொன்ன சொல்லையே எடுத்து, ‘என் பக்கம் நின்று சண்டை பிடித்தார்’ என்று எழுதப் போனேன். தலைவர் ஐயா தடுத்தார். சண்டை என்பது கோப்புக்கு அழகில்லை, பொறுப்பாளராக வரப்போகிறவரைப் பற்றி அப்படி இருந்தால் நாளைக்குப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், ‘பரிந்துரைத்தார்’ என்று போடலாமே என்றார். மற்றவர்களும் அதுதான் சரி என்றார்கள். எனக்கும் அது நல்ல சொல்லாகத்தான் பட்டது. பேனையைத் தாளில் வைத்தேன்.

“சண்டைதான் ஐயா பிடிச்சனான்.”

அந்தக் கூட்டத்தில் ரீச்சர் வாய் திறந்து சொன்ன முதல் வசனம் அது.

“நான் ஒண்டும் பரிந்துரைக்கேல்லை. கெஞ்சிப் பாத்தன், கேக்கேல்லை. பிறகு சண்டை பிடிச்சனான். பிள்ளையளுக்கெண்டால் இனியும் பிடிப்பன். அது தெரிஞ்சு வேலையைத் தாறதெண்டால் தாங்கோ.”

தலைவர் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டார். பிறகு என்னிடம், எழுதுங்கோ அம்மா என்றார். எழுதினேன். அடுத்த மாதம் முதலாம் திகதி பொறுப்பை எடுக்கும்படி ரீச்சரிடம் சொன்னார்கள்.

பாலத்தடியில்

பஸ் ஏறுவதற்குப் பாலத்தடிக்கு நடந்து போனேன். ரீச்சரும் கூட வந்தார். ஆற்றில் வள்ளங்கள் கட்டிக் கிடந்தன. வலை காயப்போட்டவர்கள் மடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்ற நிம்மதியில் நான் பேஸ்போலைப் பற்றி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டு போனேன்.

ரீச்சர் நின்றார்.

“அக்கா, உங்களோடை எனக்கு ஒரு சண்டை கிடக்கு. அதை இன்னும் நான் பிடிக்கேல்லை.”

பிடித்தார். மூன்று வாரம் பிள்ளைகள் தன் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டதைச் சொன்னார். தங்கச்சி புருசன் தொலைபேசியில் நேரே கேட்காமல் இருமி இருமி விசாரித்ததைச் சொன்னார். என் அறைக்கு வந்த அன்று நான் கதிரையை விட்டு எழும்பாததை, அவருடைய முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்ததை, மாத்தேலாது என்று சொன்னதை, ஒன்றையும் விடாமல் சொன்னார். குரல் உயர்ந்துகொண்டே போனது. வலை மடித்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“ஒரு சொல்லு தெரியாட்டி, தெரியாது எண்டு சொல்லேலாதோ உங்களாலை?” என்று கேட்டார்.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அது போனது. அவர் சொன்னதில் ஒரு சொல்லாவது பிழை என்று எனக்குப் படவில்லை. வலைக்காரர்களில் ஒருவர், வயது போனவர், என்னில் இரக்கப்பட்டிருக்க வேண்டும். சரி விடுங்கோ ரீச்சர், பாவம் அந்த மனிசி என்று வாயெடுத்தார்.

“அண்ணை, நீங்கள் பேசாமல் இருங்கோ” என்றேன். “அவ சொல்லி முடிக்கட்டும்.”